ஓரத்தில் நின்ற ஆட்டுக்குட்டி

டீச்சர் இப்போது என்னோடு பேசுவதில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. ஒருமுறை தேனி பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வந்தோம். என்னைப் பார்க்கவில்லையா, பார்த்தும் பார்க்காத மாதிரி போனாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விஷயத்தில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் ஆபீசில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ராயப்பன்பட்டியில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று தெரிந்ததும் முதல் நாளே டீச்சர் ஆகிவிட்டார். ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தேனியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடி. குழந்தைப் பாட்டுகளுக்குப் பொம்மைப் படம் செய்கிற இடம். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி பாட்டை அனுப்பும். நாங்கள் யானையையும் கத்தரிக்காயையும் ஆட வைத்து அனுப்புவோம். நான் கெங்குவார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். டீச்சரின் நாற்காலி எனக்கு அடுத்தது.

டீச்சர் வந்த அன்று ஓனர் என்னைக் கூப்பிட்டு, “அவுகளுக்கு சாப்ட்வேர கொஞ்சம் காட்டிக் குடும்மா” என்றார். அந்த மென்பொருளை முதன்முதலில் திறக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். சந்தை நாளில் கம்பம் பஸ் ஸ்டாண்டில் முதல்முறை இறங்கியவன் கதிதான். இடது ஓரம் முழுக்கக் கருவிகள். வலது ஓரத்தில் நிறம், அளவு, சுழற்சி என்று பலகை பலகையாக அடுக்கு. மேலே மெனு. கீழே நேரம் ஓடுகிற கோடு. நடுவில் கொஞ்சம் வெள்ளை இடம், அதில்தான் பொம்மை நிற்கும். பொம்மைக்கு எலும்பு போட வேண்டும், எலும்பை அசைக்க வேண்டும், அசைத்ததைக் கோட்டில் பதிய வேண்டும். காலை டீ வருவதற்குள் எல்லோரும் ஆயிரம் கேள்வி கேட்டுவிடுவார்கள். நானும் கேட்டவள்தான். அதனால் நாற்காலியை இழுத்துப் போட்டு, “இங்கன பாருங்க டீச்சர்” என்று ஆரம்பித்தேன்.

“சொல்லாதீக” என்றார். “நானே பாத்துக்கிறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. சரி, பட்டுத் தெரியட்டும் என்று என் வேலையைப் பார்த்தேன்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். ஒரு கருவியின் மேல் மவுஸை, எங்கள் பேச்சில் எலிக்குட்டியை, வைத்துக் காத்திருப்பார். அதன் பேர் சின்னதாக எழும்பும். உதடசையப் படிப்பார். அழுத்துவார். பொம்மைக்கு என்ன ஆகிறதென்று பார்ப்பார். ஆனதைத் திரும்ப எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். பழகுவதற்குக் கொடுத்திருந்த கத்தரிக்காய்ப் பொம்மை அவர் கையில் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கை முதுகில் முளைத்தது. தலை காலுக்குக் கீழே போனது. ஓனர் எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தம்மா தேறாதுபோலயே” என்றார் என்னிடம். தேறிவிட்டார். எங்களைவிடக் கெட்டிக்காரர் ஒன்றும் ஆகிவிடவில்லை, வேகமும் கிடையாது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

“வழி கேட்டா ஒரு வழிதான் தெரியும், தேடுனா ஊரே தெரியும்” என்பார்.

“நீங்க தேடி முடிக்கிறதுக்குள்ள ஊரே தூங்கிரும் டீச்சர்” என்பேன்.

வெளியிலும் அப்படித்தான். ஒருமுறை பாட்டுக்குக் குரல் பதிகிற இடத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் மதுரைக்கு அனுப்பினார் ஓனர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் டீக்கடையில் விசாரிக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் டீச்சரைக் காணோம். தெரு பேரைப் படித்துக்கொண்டே அவர் பாட்டுக்கு நடந்துவிட்டார். நான் ஆட்டோ பிடித்துப் போய், அங்கே மின்விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து ஒரு ஜூஸும் குடித்து முடித்த பிறகு வந்தார். சேலைத் தலைப்பு முழுக்க வியர்வை. முழங்கையில் எங்கேயோ உரசிய காயம்.

“வந்துட்டேன்ல?” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், “ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சா போயிருவீக?” என்றேன்.

“நம்ம ஒண்ணு கேட்டா அவுக ரெண்டு கேப்பாக. எதுக்கு வந்த, ஆரு வீட்டுப் பிள்ளைம்பாக. வம்பு.”

மதுரையில் யார் அப்படிக் கேட்கப் போகிறார்கள்? ராயப்பன்பட்டியில் கேட்பார்கள். அதை அவர் பஸ் ஏறும்போது கூடவே கொண்டு வந்துவிட்டார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கலகலப்பான ஆள். அவரால்தான் எங்கள் ஆபீசில் ஒரு பாஷையே உண்டானது. திரையை அவர் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் வரைபடமாகப் பிரித்து வைத்திருந்தார். இடது ஓரக் கருவி வரிசை கேரளா. வலது ஓரப் பலகைகள் மேகமலை. மேலே மெனு தேனி. கீழே நேரக்கோடு கூடலூர். பொம்மை நிற்கிற வெள்ளை இடம் உத்தமபாளையம். கொஞ்ச நாளில் எங்கள் எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது. “எலும்பு போடுறது எங்கனப்பா?” என்றால், “கேரளாவுல, குமுளிக்குக் கொஞ்சம் மேல” என்று பதில் வரும். போடியிலிருந்து வந்து வேலை பார்த்த ஒருத்தர், சென்னைக் கம்பெனிக்காரரோடு திரையைப் பகிர்ந்து பேசும்போது, “மேகமலைக்குப் போயி கலரை மாத்திட்டு வந்துர்றேன் சார்” என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர், “எத்தனை நாள் லீவு வேணும்?” என்று கேட்டார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்து சிரித்தார்.

அந்த மென்பொருளில் எந்தப் பலகையையும் பிடித்து இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் ஒரே பொத்தானில் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். நாங்கள் யாரும் இழுப்பதில்லை. இருக்கிற இடமே பழகிவிட்டது. ஒருநாள் டீச்சர் திரையைப் பார்த்தால் கேரளாவைக் காணோம். இடது ஓரத்திலிருந்து பெயர்த்து, பொம்மைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டியிருந்தார். கொஞ்ச நாள் கழித்து மேகமலையும் வந்தது. பிறகு கூடலூர் மேலேறி பொம்மையின் காலடிக்கு வந்தது.

“என்ன டீச்சர், மலை ரெண்டும் ஊருக்குள்ள எறங்கிருச்சு?”

“கைக்குப் பக்கத்துல இருந்தா வேலை சுருக்கா ஓடும்லப்பா.”

வேலை சுருக்காக ஓடவில்லை. பலகைகள்தான் இன்னும் நெருங்கின. வருஷம் திரும்புவதற்குள் அவருடைய திரையில் எல்லாம் நட்டநடுவில் ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் முண்டியடித்தன. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் வெறும் இடம். பொம்மை கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துவிட்டது. புறாக்கூட்டில் குடித்தனம் என்று கேலி பேசினோம். அவரும் சிரிப்பார்.

ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்த நேரம், போடிக்காரர் விளையாட்டாக அந்தப் பழைய இடத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். பலகைகள் எல்லாம் ஓடிப் போய் அததன் ஓரத்தில் நின்றுகொண்டன. டீச்சர் வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். கண்ணை மட்டும் திருப்பாமல் கழுத்தை முழுசாக இடது பக்கம் திருப்பினார். பிறகு மேலே. பிறகு வலது பக்கம். இருட்டுக்குள் டார்ச் அடித்துத் தேடுகிறவர் மாதிரி இருந்தது. எலிக்குட்டி ஒரு பக்கம் ஊர்ந்து போய், வந்து, மறுபடி போனது.

“என் எடத்துல ஆரு கை வச்சது?”

போடிக்காரர் பயந்துபோய், “சும்மா வெளாட்டுக்குத்தான் டீச்சர்” என்றார்.

“வெளாடாதீக. என் எடத்துல கை வைக்காதீக.”

அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு பலகையாக நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். இதற்குப்போய் இவ்வளவு கோபமா என்றுதான் எங்களுக்கு இருந்தது.

அதற்கப்புறம் ஆட்டுக்குட்டிப் பாட்டு வந்தது. ஆடு, மாடு, கோழி எல்லாம் சேர்ந்து ஆடுகிற பாட்டு. டீச்சர் செய்தார். அவருடைய படங்களில் ஒரு குறை இருப்பதாகச் சென்னையிலிருந்து முன்பே சொல்லியிருந்தார்கள். ஏன் எல்லாரும் நடுவிலேயே கூட்டமாக நிற்கிறார்கள், பக்கத்தில் அவ்வளவு இடம் கிடக்கிறதே என்று. இந்தப் படமும் அப்படித்தான் இருந்தது. நாங்கள் அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டோம், அவர்களும் பார்க்காமல் நெட்டில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் தாய்மார்கள் படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள். அந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, பிள்ளை அழுகிறது என்று.

ஓனர் எல்லோரையும் கூப்பிட்டு, பெரிய டிவியில் படத்தைப் போட்டார். நடுவில் விலங்குகள் எல்லாம் குதிக்கின்றன. இடது ஓரத்தில், பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக, ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. ஆடவில்லை. கண்ணை இமைக்கவில்லை. பாட்டு முடிகிறவரை நம்மைப் பார்த்தபடி நிற்கிறது. சோதனைக்காக எப்போதோ கொண்டுவந்து வைத்த குட்டி, எடுக்காமல் விட்டுப்போனது.

“இது என்ன டீச்சர்?” என்றார் ஓனர்.

“எதுண்ணே?”

“இந்தா, இதுதான்.”

“எது?”

நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்து ஓனருக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய் டிவியின் ஓரத்தில் விரலை வைத்து டொக் டொக்கென்று தட்டினார். சத்தம் வந்த பக்கம் டீச்சர் தலையைத் திருப்பினார். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். நான் டிவியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்குட்டி கண்ணில் பட்டதும் அந்த முகம் செத்துப்போனது.

“பாக்கலண்ணே” என்றார்.

ஓனர் கத்தியதையெல்லாம் எழுத வேண்டியதில்லை. நான் போய் டீ வாங்கிவந்து, டீச்சரின் மேஜையில் அவருக்கு இடது பக்கமாகச் சத்தமில்லாமல் வைத்தேன். ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆடை படிந்தது. அவர் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில், “இன்னிக்கி டீ வரலையாப்பா?” என்றார். அவர் கையைப் பிடித்து எழுப்பி, மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“எம்புட்டு நாளா டீச்சர்?”

“என்னது?”

“என்கிட்ட நடிக்காதீக. ஒங்களுக்குப் பக்கவாட்டுல தெரியல.”

படியில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. ரொம்ப நாளாகத் தூக்கிவந்த மூட்டையை இறக்கிவைக்கிறவர் மாதிரி, சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தார். நேரே பார்ப்பது நன்றாகத் தெரிகிறது, ஊசியில்கூட நூல் கோப்பாராம். ஓரம்தான் போய்க்கொண்டே இருக்கிறது. இது என்ன என்று அவருக்குத் தெரியும். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் போனது.

“எங்கப்பாவ ஊருல குடிகாரன்னுதான் சொல்லுவாக” என்றார். “கதவுல மோதுவாரு. ஆளு மேல மோதுவாரு. சாக்கடையில கால விட்ருவாரு. சொட்டுக் குடிச்சதில்ல அந்த மனுசன். சாயங்காலமானா சட்டையில கொஞ்சம் ஊத்திக்கிட்டு வெளிய போவாரு.”

“எதுக்கு?”

“குடிகாரன் மகளக் கட்டுவாக. குருடன் மகளக் கட்ட மாட்டாக.”

அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பெண், மாப்பிள்ளை பேரைச் சொல்லி, ஏதாவது தடை தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் வந்து சொல்லலாம் என்று வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பேர். டீச்சருக்கும் ஒரு மாப்பிள்ளை வந்திருக்கிறார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அன்றைக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா இவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“அப்பாவுக்குக் கை குடுக்க நீட்டுனாக. அப்பா பாக்கல. நீட்டுன கை நீட்டுனபடியே நின்னுச்சு. அவுக ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டாக. மூணாவது ஓலை வாசிக்கல.” அதற்குப் பிறகுதான் அப்பா சட்டையில் ஊற்ற ஆரம்பித்தாராம். சின்ன மகளையாவது கரையேற்ற வேண்டுமே. ஒருநாள் வாய்க்காலில் விழுந்து செத்துப்போனார். குடிச்சிட்டு விழுந்தான் என்று ஊர் சொன்னது. வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

“இப்பத் தங்கச்சிக்கு சின்னமனூருல அமைஞ்சிருக்கு. நல்ல எடம். மூணு ஓலையும் வாசிச்சு, தாலி ஏறட்டும். அது வரைக்கும் நீ வாயத் தெறக்கக் கூடாது.”

“அதுக்குள்ள மதுரைக்குப் போயி கண்ணக் காட்டுனா என்ன? ஆருக்குத் தெரியப் போகுது?”

“அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல என்னிக்கிப் போனாலும் எங்க ஊரு ஆளு ஒருத்தராவது உக்காந்திருப்பாக. கோயில்ல இருந்தே வேன் வச்சுக் கூட்டிட்டுப் போறாக. அதுவுமில்லாம இதுக்கு மருந்து கெடையாது. அப்பாவுக்குப் பாத்த டாக்டர் சொல்லிட்டாரு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. மருந்தே இல்லாதத முன்ன காட்டுனா என்ன, பின்ன காட்டுனா என்ன?”

எனக்கும் அதைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். ஆனாலும் சண்டை போட்டேன். ஊருக்காகக் கண்ணைக் கொடுக்கிற பைத்தியக்காரத்தனம் எங்கேயாவது உண்டா என்றேன். உங்க ஊரும் ஓலையும் நாசமாய்ப் போக என்றேன். அவர் என் வாயைப் பொத்தினார். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். தாலி ஏறிய மறுவாரம் என்னோடு மதுரைக்கு வர வேண்டும். சத்தியம் பண்ணிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாடியேறி வந்து, நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, “மொத ஓலை வாசிச்சாச்சு” என்பார் மெதுவாக. அடுத்த வாரம், “ரெண்டாவது.” அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது ஓலை முடிந்த திங்கட்கிழமை எங்கள் எல்லோருக்கும் பூந்தி வாங்கி வந்தார். நான் அவருடைய படங்களை எல்லாம் அனுப்புவதற்கு முன் ஓரம் ஓரமாகப் பார்த்துக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ராயப்பன்பட்டிக் கோயில் நிறைய ஜனம். தங்கை அக்காவைவிட நிறம், நல்ல உயரம். கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அக்காவும் தங்கையும் கையை இறுக்கிக் கோத்துக்கொண்டு அடி மேல் அடி வைத்து நடந்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மா, “அப்பன் இல்லாத பிள்ளைக, பாசத்தப் பாரு” என்று கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்துக்கொண்டேன்.

சொன்ன வாக்கு தவறாமல் மறுவாரம் மதுரைக்கு வந்தார். வழி நெடுக என் கையைப் பிடிக்க மாட்டேன் என்று சாதித்தார். ஆஸ்பத்திரியில் ஒரு இருட்டறை. அதில் ஒரு மிஷின். அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். எங்கெங்கோ சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி தோன்றும். தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். நான் கதவோரம் நின்று அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷின் பாட்டுக்கு டிக் டிக்கென்று போய்க்கொண்டிருந்தது. கட்டைவிரல் அசையவே இல்லை. எப்போதாவது ஒருமுறை அழுத்தினார். மிஷினை ஓட்டிய பெண் இரண்டு தடவை, “கவனமாப் பாருங்கம்மா” என்றது. “பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் டீச்சர்.

டாக்டர் அம்மா நல்ல மாதிரி. சுற்றி வளைக்காமல் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது. போன பார்வை போனதுதான். இடது பக்கம் அநேகமாக முடிந்தது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம்.

“மருந்து இருக்கா?” என்று கேட்டார் டீச்சர்.

“இருக்கும்மா. எத்தனையோ வருஷமா இருக்கு. முன்னாடியே வந்திருந்தா இந்த அளவுக்குப் போயிருக்காது.”

“எங்கப்பாவுக்கு இல்லைன்னு சொன்னாகளே.”

“முத்தின பிறகு போயிருப்பார். அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. இது குடும்பத்துல வர்ற வியாதி. கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?”

“ஒரு தங்கச்சி” என்றேன் நான்.

“உடனே கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க. ஆரம்பத்துல பிடிச்சா அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க, நான் தேதி குடுத்துடறேன்.”

வெளியே வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். கண் பாப்பாவை விரிக்கிற மருந்து விட்டிருந்ததால் அவருக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியவில்லை. போனை என்னிடம் கொடுத்து, தங்கச்சிக்குப் போடச் சொன்னார். போட்டு, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி வைத்துப் பிடித்தேன்.

“பக்கத்துல ஆரும் இருக்காகளா?” என்று கேட்டார் டீச்சர்.

“அத்தை கடைக்குப் போயிருக்காக. சொல்லுக்கா.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

“ஏத்தா, ஒனக்கு ஓரம் நல்லாத் தெரியுதா?”

கட்டாகிவிட்டதா என்று திரையைப் பார்த்தேன். ஆகவில்லை.

“ஒனக்கு ஆரு சொன்னா?” என்றாள் தங்கை.

டீச்சர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதாங்க்கா இருந்தேன். நீ இந்தக் கல்யாணத்துக்கு எம்புட்டு அலைஞ்ச. நாஞ் சொல்லி நின்னு போச்சுன்னா நீ தாங்க மாட்ட.”

“இன்னிக்கே கெளம்பி வா. மருந்து இருக்காம். மதுரையில இருக்கேன்.”

“இப்ப எப்பிடிக்கா? என்னன்னு சொல்லிட்டு வர? கேப்பாகல்ல. ஒரு பிள்ளை பெத்துக்கிறேன். பெறகு ஒண்ணும் பண்ண மாட்டாக. அப்பப் பாத்துக்கலாம்.” கதவு திறக்கிற சத்தம் கேட்டது. “அத்தை வந்துட்டாக. வச்சிர்றேன்.”

டீச்சருக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்தார். கதவுச் சட்டத்தைத் தடவி டாக்டர் அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

“பேசினீங்களாம்மா?”

“பேசிட்டேன் டாக்டர்” என்றார். நிதானமாகத்தான் சொன்னார், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில். “அவளுக்கு நல்லாத் தெரியுதாம். ஒண்ணும் இல்லையாம்.”

அவர் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். போன் என் கையில்தான் இருந்தது. தங்கையின் நம்பருக்குக் கீழேயே மாப்பிள்ளையின் நம்பரும் இருந்தது. என் விரல் எங்கே போகிறது என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“வேண்டாம்டி. ஓங் காலுல விழுறேன். அவ வாழ்க்கை போயிரும்.”

“கண்ணு போனா வாழ்க்கை இருக்குமா?”

“குடு போன!”

பாய்ந்து வந்தார். நான் ஓரடி எடுத்து வைத்து அவருக்கு இடது பக்கம் போய் நின்றேன். தெரிந்தேதான் போனேன். மணி அடித்தது. பெஞ்சில் இருந்த ஜனங்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் ஆண் குரல், “அலோ, ஆரு பேசுறது?” என்றது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சரின் இரண்டு கையும் எனக்கு ஒரு சாண் தூரத்தில், காற்றில் என்னைத் தேடிக்கொண்டிருந்தன.